டைட்டானியம்: சேலத்துப் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூரமங்கலம் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு சாதா லேத், ஒரு மில்லிங், கடன் வாங்கிப் போட்ட ஒரு சி.என்.சி. இயந்திரம். எம்.எஸ். என்கிற சாதா இரும்பு, ஈ.என்.8 எஃகு, எவர்சில்வர், அவ்வப்போது பித்தளை. இதுதான் எங்கள் சாப்பாடு. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சென்னை, ஓசூர், கோவை, திருச்சியோடு சேலமும் ஒன்று என்றானதிலிருந்து டீக்கடையில்கூட டைட்டானியப் பேச்சுதான். சில வருடங்களாக அந்த உலோகத்தில் சின்னச் சின்ன ஜாப் செய்வதால், கேள்வி எல்லாம் என்னிடம் வந்து சேர்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

டைட்டானியம் இரும்பைவிடப் பலமானதா?

இந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்பவரை நம்பாதீர்கள், 'இல்லை' என்பவரையும் நம்பாதீர்கள். கிரேடு 2 எனப்படும் தூய டைட்டானியத்தின் குறைந்தபட்ச இழுவலிமை (இழுத்தால் அறாமல் தாங்கும் அளவு) 345 மெகாபாஸ்கல். நாம் கிரில் கேட் போடும் எம்.எஸ். சுமார் 410. ஆக, கிரேடு 2 எம்.எஸ்.ஸுக்குக் கீழேதான். அலுமினியம் 6 சதவீதம், வனேடியம் 4 சதவீதம் கலந்த கிரேடு 5 என்றால் குறைந்தபட்சமே 895. அது நன்றாக ஹீட் ட்ரீட்மென்ட் செய்த ஈ.என்.24 எஃகின் பக்கத்தில் வந்து நிற்கும்.

உண்மையான லாபம் எடையில் இருக்கிறது. 40 மி.மீ. விட்டம், ஒரு மீட்டர் நீளம் உள்ள இரும்பு ராடு ஏறக்குறைய 9.9 கிலோ. அதே அளவு கிரேடு 5 ராடு 5.6 கிலோ. கிட்டத்தட்ட அதே பலம், பாதிக்குச் சற்று மேலான எடை. ராக்கெட்காரர்களும் விமானக்காரர்களும் இதற்குத்தான் விலை கொடுக்கிறார்கள். எடை ஒரு பொருட்டில்லாத இடத்தில், உதாரணமாக அரவை மில் ஷாஃப்ட்டில், இதைப் போடுவது காசைக் கரியாக்கும் வேலை. இன்னொன்று: விறைப்பு இரும்பில் பாதிதான். இரும்பு 200 கிகாபாஸ்கல் என்றால் இது 110 சொச்சம். நீளமான மெல்லிய ராடு வளைந்து கொடுக்கும்.

துருப் பிடிக்கவே பிடிக்காது என்கிறார்களே, எப்படி?

பலர் நினைப்பது, டைட்டானியம் காற்றை அண்டவிடாது என்று. விஷயம் நேர்மாறு. ஆக்ஸிஜனைக் கண்டால் இந்த அளவுக்குப் பாய்ந்து போய் ஒட்டிக்கொள்ளும் உலோகங்கள் சிலவே. வெட்டிய கணத்திலேயே மேலே சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் கட்டிக்கொள்ளும். இரும்பின் துரு பொருக்குப் பொருக்காக உதிரும், உள்ளே மறுபடி அரிக்கும். இந்தப் படலம் உதிராது. கீறினாலும் காற்றோ தண்ணீரோ பட்டவுடன் தானே மூடிக்கொள்ளும். கடல்நீரில் வருடக்கணக்காகக் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. கடல்நீரால் குளிர்விக்கும் மின்நிலையங்களில் கண்டன்சர் குழாயாக இதைப் போடுவது அதனால்தான்.

ஆக்ஸிஜன் மேல் இதற்கு இருக்கும் இந்தப் பசியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை அதில்தான் இருக்கிறது.

பூமியில் ஏராளமாகக் கிடக்கிறது என்று படித்தேன். பிறகு ஏன் இந்த விலை?

ஏராளம்தான். பூமியின் மேலோட்டில் அதிகமுள்ள தனிமங்களில் ஒன்பதாவது இடம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கேரளத்துச் சவறாவிலும் கருமணலில் இல்மனைட் என்ற தாதுவாகக் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அந்த மணலில் டைட்டானியம் ஆக்ஸிஜனைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரும்புக் கல்லைக் கரியோடு போட்டு ஊதி இரும்பை எடுப்பதுபோல இதில் முடியாது; ஆக்ஸிஜனை விட்டால் கரியோடு சேர்ந்து கார்பைடாகிவிடும்.

1791ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் கருமணலில் இதன் ஆக்சைடைக் கண்டார். 1795ல் ஜெர்மானியரான கிளாப்ரோத், கிரேக்கக் கதையின் டைட்டன்களை வைத்துப் பெயரிட்டார். சுத்தமான உலோகத்தைக் கண்ணால் பார்க்க 1910 வரை, அதாவது 119 வருடம் ஆனது. அமெரிக்காவில் மாத்யூ ஹன்டர் செய்தார். தொழிற்சாலைக்கு ஏற்ற முறையை லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல் 1930களில் உருவாக்கினார். இன்றும் உலகம் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறது.

சுருக்கமாகச் சொன்னால்: தாதுவைக் கரியோடும் குளோரின் வாயுவோடும் சுட்டு டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்ற திரவமாக்க வேண்டும். ஈரக்காற்றுப் பட்டால் வெள்ளைப் புகை கக்கும் சரக்கு அது. அதைக் காய்ச்சி வடித்து, ஆர்கான் நிரம்பிய கலத்தில் உருகிய மெக்னீசியத்தோடு சேர்த்தால் குளோரினை மெக்னீசியம் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான உலோகம், பெயரே 'ஸ்பாஞ்ச்'. ஒரு ஈடு முடிய நாள்கணக்கில் ஆகும். பிறகு அதை உடைத்து, அழுத்தி, காற்றில்லா வெற்றிடத்தில் மின்வில்லால் இரண்டு மூன்று தடவை உருக்க வேண்டும். கல்லில் குறைந்த காசு, காற்றை விரட்டுவதில் பெருங்காசு. இந்தியாவில் சவறாவில் உள்ள கேரள மினரல்ஸ் அண்ட் மெட்டல்ஸ் ஆலையில் 2011ல் ஆண்டுக்கு 500 டன் ஸ்பாஞ்ச் திறனோடு ஒரு பிரிவு வந்தது. நுட்பம் ஐதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்துடையது, பணம் இஸ்ரோவுடையது. ஸ்பாஞ்ச்சை உருக்கி ராடாகவும் ஷீட்டாகவும் மாற்றுவது ஐதராபாத் மிதானி.

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். உலகில் தோண்டும் டைட்டானியத் தாதுவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உலோகமாவதே இல்லை. வெள்ளைப் பெயின்ட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் காகிதத்துக்கும் நிறமியாகப் போய்விடுகிறது. உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் டைட்டானியம் என் பட்டறையில் இருப்பதைவிட அதிகமாக இருக்கும்.

நம்ம சேர்வராயன் மலையில் டைட்டானியம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் கனவு காணாதீர்கள். ஏற்காட்டு மேட்டில் மழையும் வெயிலும் பாறையை அரித்து அரித்து அலுமினியத் தாதுவான பாக்சைட்டாக மாற்றியிருக்கிறது. மால்கோ நிறுவனம் அதை வெட்டி மேட்டூருக்குக் கொண்டுபோய் அலுமினியம் எடுத்தது. பாக்சைட்டில் டைட்டானியம் ஆக்சைடும் சில சதவீதம் கூடவே வரும். அலுமினாவைக் காஸ்டிக் சோடாவில் கரைத்தெடுக்கும்போது அது கரையாமல் கழிவான செஞ்சேற்றில் தங்கிவிடும். மலைப்பாறையான சார்னகைட்டிலும் இல்மனைட் துளிகள் உண்டு. ஓடையோரக் கருமணலில் காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். துள்ளி ஒட்டுவது மேக்னடைட் என்ற இரும்புத் தாது. தயங்கித் தயங்கி நகர்வதில் இல்மனைட் இருக்கலாம். இரண்டு கைப்பிடி மணலுக்கு மேல் அதில் வியாபாரம் இல்லை.

எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது வேறு. டைட்டானியம் எடுக்க மெக்னீசியம் வேண்டும். மெக்னீசியத்தின் கார்பனேட்தான் நம் ஊர் வெள்ளைக்கல்லான மேக்னசைட். ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர் வைத்த ஊர் நாம். ஆனால் அந்தக் கல் உலோகமாகவில்லை, சுட்டு உலைச் செங்கல்லுக்குத்தான் பெரும்பாலும் போனது.

கிரேடு 1, 2, 5, 7, 23... இதெல்லாம் என்ன கணக்கு?

நம்பர் ஏறினால் தரம் ஏறும் என்று நினைக்க வேண்டாம். அது வெறும் வரிசை எண். 1 முதல் 4 வரை எல்லாமே தூய டைட்டானியம்தான், வித்தியாசம் முக்கியமாக ஆக்ஸிஜன். கிரேடு 1ல் அதிகபட்சம் 0.18 சதவீதம், கிரேடு 4ல் 0.40. இந்தப் பொடி அளவு ஆக்ஸிஜனே பலத்தை இரட்டிப்புக்கு மேலாக்கிவிடும், கூடவே வளையும் தன்மையைக் குறைக்கும். 7ல் துளி பல்லேடியம் சேர்த்திருப்பார்கள், அமிலத் தொட்டிகளுக்கு. 5தான் எல்லோரும் கேட்பது. 23 என்பது ஆக்ஸிஜனைக் குறைத்த 5. உடம்புக்குள் வைக்கும் சாமான்களுக்குப் போகும். உலோகக் கலவை பார்க்கும் கையடக்க எக்ஸ்ரே துப்பாக்கியால் சுட்டு 5க்கும் 23க்கும் வித்தியாசம் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அந்தக் கருவிக்கு ஆக்ஸிஜன் தெரியாது.

பழைய இரும்புக் கடையில் ஒரு துண்டு கிடைத்தது. டைட்டானியமா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் காந்தம். ஒட்டினால் கதை முடிந்தது. ஒட்டாவிட்டால் எவர்சில்வராகவோ அலுமினியமாகவோ இருக்கலாம். சாணைக்கல்லில் லேசாகத் தொட்டுப் பாருங்கள்: டைட்டானியம் கண் கூசும் வெள்ளைப் பொறி விடும். இரும்பின் மஞ்சள் பொறியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உடனே தெரியும். அலுமினியம் பொறியே விடாது.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் எடை போடுங்கள். போன வருடம் ஒரு தம்பி இப்படி ஒரு துண்டோடு வந்தான். செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த கொலுசுக் கடையின் எலெக்ட்ரானிக் தராசில் வைத்தோம்: 131 கிராம். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியம் செய்துவிட்டு, துண்டை நூலில் கட்டி, அடியும் பக்கமும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டோம். தராசு காட்டியது 29.5. 131ஐ 29.5ஆல் வகுத்தால் 4.44. எவர்சில்வர் 7.9, அலுமினியம் 2.7, கிரேடு 5 டைட்டானியம் 4.43. தம்பி முகத்தைப் பார்க்க வேண்டுமே! கடைக்காரர்தான், "வெள்ளின்னா 10.5 வந்திருக்கும், போங்க தம்பி" என்று அனுப்பி வைத்தார்.

சாதா லேத்தில் ஓட்டலாமா?

ஓட்டலாம். ஆனால் கை பழகிய வேகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

என் முதல் ஜாப்பைச் சொல்கிறேன். பார்ட்டி கொடுத்த 40 மி.மீ. கிரேடு 5 ராடு. ஈ.என்.8க்கு வைக்கும் ஆர்.பி.எம்.மிலேயே வைத்து, அதே கார்பைடு இன்சர்ட்டோடு (டூல் முனையில் மாட்டும் கடினமான வெட்டுத் துண்டு) ஓட்டினேன். முதல் அரை நிமிடம் பிரமாதம், வெண்ணெய் மாதிரி சுருள் வந்தது. பிறகு சத்தம் மாறியது. நிறுத்திப் பார்த்தால் ஜாப் கை பொறுக்கிற சூட்டில்தான் இருந்தது. இன்சர்ட் முனை செக்கச்செவேல் என்று இருந்து மெல்லக் கறுத்தது. மூக்கைக் காணோம். ராடில் அது உரசிய இடம் கண்ணாடி மாதிரி பளபளத்தது, அடுத்த இன்சர்ட் அதன் மேல் ஏறவே மறுத்தது. அன்று மூன்று இன்சர்ட் போனது, ராடும் போனது. நான்தான் பணம் கட்டினேன்.

காரணம் வெப்பம். அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவதில் முப்பதில் ஒரு பங்குகூட கிரேடு 5 கடத்தாது. எவர்சில்வரே இதைவிட இருமடங்கு மேல். வெட்டும் இடத்தில் பிறக்கும் சூடு ஜாப்புக்குள்ளும் போகாமல் சுருளிலும் சரியாக ஏறாமல் டூல் முனையிலேயே உட்கார்ந்துகொள்கிறது. சூடேறிய டைட்டானியம் டூலோடு ஒட்டிக்கொள்ளும், கார்பைடைப் பிய்த்துக்கொண்டு போகும்.

அதனால் கார்பைடுக்கு நிமிடத்துக்கு 50 மீட்டர் சுற்றில் ஆரம்பியுங்கள். 40 மி.மீ. ராடுக்கு அது சுமார் 400 ஆர்.பி.எம். எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டூல் என்றால் 15 மீட்டர், அதாவது 120 ஆர்.பி.எம். சுற்றும் வேகத்தைக் குறைத்தாலும் ஃபீடை, அதாவது ஒரு சுற்றுக்கு டூல் நகரும் அளவை, குறைக்காதீர்கள். வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஓரிடத்தில் நின்று உரசவே கூடாது. முனை கூர்மையாக இருக்கட்டும். கூலன்ட் சொட்டுச் சொட்டாக அல்ல, ஊற்றாக. மெல்லிய ஜாப் டூலைக் கண்டு விலகி, டூல் போனதும் திரும்பி வரும் என்பதால் கடைசி கட் அளவு பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். எம்8 டேப் போட (8 மி.மீ. உள்மரை வெட்ட) 6.8 டிரில்தான் வழக்கம். வரைபடம் அனுமதித்தால் 6.9 போடுங்கள், டேப் உடைந்து உள்ளே மாட்டிக்கொண்டு அழ வேண்டியிருக்காது.

சுருள் தீப்பிடிக்கும் என்கிறார்களே?

பிடிக்கும். தடித்த ராடு எரியாது. தலைமுடி மாதிரி மெல்லிய சுருளும் கிரைண்டிங் தூளும் எரியும். அதே ஆக்ஸிஜன் பசிதான், பரப்பு அதிகமானதும் கட்டுக்கடங்காமல் போகிறது. வெட்டும்போது கூலன்ட் தாராளமாக ஓடினால் பயமில்லை. எரிய ஆரம்பித்த பிறகு தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். அந்தச் சூட்டில் தண்ணீரிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிடுங்கி ஹைட்ரஜனை வெளியே விடும், அது வெடிக்கும். சுவரில் தொங்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் பயன்படாது, அதிலும் எரியும். நைட்ரஜனில்கூட எரியும் உலோகம் இது. உலோகத் தீக்கென்று உள்ள டி வகைப் பொடி, இல்லாவிட்டால் நன்றாகக் காய்ந்த மணல். எங்கள் லேத் பக்கத்தில் மூடி போட்ட டப்பாவில் மணல் இருக்கிறது. மழைக்காலத்தில் அதை வெயிலில் காய வைத்து எடுத்து வைப்பது என் வீட்டுக்காரம்மாவுக்கே சிரிப்பு. சுருளை அன்றன்றைக்கு அள்ளித் தனி டின்னில் போடுங்கள், இரும்புச் சுருளோடு கலக்காதீர்கள்.

ஆர்கான் வெல்டிங் தெரிந்த ஆள் இருக்கிறார். டைட்டானியத்தை ஒட்டுவாரா?

கை சுத்தமுள்ளவர் என்றால் ஒட்டுவார். எவர்சில்வருக்கு டார்ச்சிலிருந்து வரும் ஆர்கான் போதும். இதற்கு டார்ச் நகர்ந்து போன பிறகும் பின்னால் ஆறும் இடத்துக்கு ஆர்கான் வேண்டும், அடிப்பக்கத்துக்கும் வேண்டும். காற்றுப் பட்டதா என்று வெல்டே நிறத்தில் சொல்லிவிடும்: வெள்ளி நிறம் நல்லது, வைக்கோல் நிறம் பரவாயில்லை, நீலம் சந்தேகம், வெள்ளைப் பவுடர் பூத்திருந்தால் வெட்டி எறிய வேண்டியதுதான். பார்க்கப் பலமாக இருக்கும், தட்டினால் கண்ணாடி மாதிரி உடையும். துடைக்க அசிட்டோன் போதும். மெத்தனால் கிட்டவே வேண்டாம். அழுத்தத்தில் உள்ள டைட்டானியத்தில் அது விரிசல் விட வைக்கும். 1966ல் அமெரிக்கர்களின் அப்போலோ எரிபொருள் தொட்டி ஒன்று மெத்தனால் ஊற்றிச் சோதித்தபோது உடைந்தே போனது.

அண்ணா, இதில் கொலுசு பண்ணலாமுங்களா?

சிவதாபுரத்திலிருந்து வந்த ஒரு கொலுசுப் பட்டறைக்காரர் கேட்டது. வெள்ளி 961 டிகிரியில் உருகும், இது 1668ல். உங்கள் ஊதுகுழலும் வெள்ளிப் பொடியும் இங்கே செல்லாது. சன்னமான வேலை என்பதால் ஆர்கானுக்குள் லேசர் வைத்து ஒட்டுவது நல்லது. ஆனால் ஒரு வித்தை இருக்கிறது. சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் முக்கி நேர்மின்சாரம் கொடுத்தால் சாயமே இல்லாமல் நிறம் வரும். ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க ஒளி அதில் பட்டுத் திரும்பும் விதம் மாறுகிறது, தண்ணீர் மேல் எண்ணெய் மினுங்குவதுபோல. 15 வோல்ட்டில் செம்பழுப்பு, 30 பக்கம் நீலம், 55ல் மஞ்சள், 100ஐ நெருங்கினால் பச்சை. நல்ல சிவப்பு மட்டும் எத்தனை வோல்ட் கொடுத்தாலும் வராது. ரப்பர் கையுறை இல்லாமல் இந்த விளையாட்டு வேண்டாம்.

நிக்கல் ஒத்துக்கொள்ளாத காதுக்குத் தோடு செய்யலாம், நல்ல தொழில். கொலுசு வேண்டாம் என்பது என் எண்ணம். நம் ஜனங்கள் கொலுசை வாங்குவது அவசரத்துக்கு அடகு வைக்கவும்தான். டைட்டானியத்தை எந்தச் சேட்டும் வாங்க மாட்டார்.

மேட்டூர் கெமிக்கல் வேலைக்கு டைட்டானியம் கேட்கிறார்கள். எதையும் தாங்குமா?

உப்புத் தண்ணீரில் மின்சாரம் செலுத்தி காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் தொட்டிகளில் நேர்மின்வாயே ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம்தான். ஈரக் குளோரினை அருமையாகத் தாங்கும். உலர்ந்த குளோரின் என்றால் தலைகீழ்: பற்றிக்கொண்டு எரியும். படலத்தைப் பழுது பார்க்கத் துளி ஈரம் வேண்டும், அது இல்லையென்றால் கவசமும் இல்லை. அதனால் 'குளோரின் லைன்' என்று மட்டும் சொல்லிக் குழாய் இணைக்கும் ஃபிளாஞ்ச் கேட்டால், ஈரமா உலர்ந்ததா என்று கேட்காமல் கை வைக்காதீர்கள். நைட்ரிக் அமிலத்துக்கு நல்லது; ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சில நிமிடத்தில் தின்ன ஆரம்பித்துவிடும். இன்னொன்று, டைட்டானியத்தோடு இரும்பு போல்ட் போட்டு ஈரத்தில் விட்டால் இரும்புதான் அரிக்கும்.

அப்பாவுக்குக் காலில் டைட்டானியம் பிளேட். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, துருப் பிடிக்குமா?

துருப் பிடிக்காது, காந்தமும் இழுக்காது. படத்தில் அந்த இடம் கொஞ்சம் கலங்கலாகத் தெரியலாம். எடுப்பதா என்று முடிவு செய்வது டாக்டர். ஆபரேஷன் சீட்டைக் காட்டுங்கள். எலும்பு இதனோடு ஒட்டி வளரும் என்பதை ஸ்வீடனின் பிரானெமார்க் 1950களில் முயல் எலும்பில் கண்டார். 1965ல் மனிதருக்குப் பல் வேராக வைத்தார். எல்லா இடத்துக்கும் ஆகாது. உரசித் தேயும் வேலைக்கு இது மோசம், ஆகவே இடுப்பு மூட்டில் தண்டு டைட்டானியமாக இருந்தாலும் உருளும் பந்து பீங்கானோ கோபால்ட்–குரோமோதான்.

தங்க நிற டிரில் பிட், 'டைட்டானியம்' வாணலி, டைட்டன் வாட்ச்: இதெல்லாம் டைட்டானியமா?

டிரில் பிட் உள்ளே எச்.எஸ்.எஸ்., மேலே சில மைக்ரான் டைட்டானியம் நைட்ரைடு. வாணலி பெரும்பாலும் அலுமினியம், பூச்சில்தான் பெயர். முழு டைட்டானியத்தில் தோசைக்கல் செய்தால் நடுவில் கருகி ஓரத்தில் மாவாக நிற்கும். டைட்டன் என்பது டாட்டாவையும் தமிழ்நாட்டையும் சேர்த்த பெயர்.

கடைசியாக: ஜாப் ஒர்க்குக்கு என்ன ரேட் கேட்பது?

மணிக்கணக்கில் மட்டும் கேட்காதீர்கள். ஒரு துண்டை ஓட்டிப் பார்த்து எத்தனை முனை தேய்கிறது என்று எண்ணி, அதைத் தனி வரியாகப் போடுங்கள். ராடோடு சான்றிதழும், எந்த உருக்கில் வந்தது என்று சொல்லும் ஹீட் நம்பரும் வர வேண்டும். ராடை அறுத்தால் அந்த நம்பரை மிச்சத் துண்டிலும் பஞ்ச் அடித்து வையுங்கள், இல்லாவிட்டால் அந்தத் துண்டு விமான வேலைக்கு வெறும் இரும்புக்குச் சமம். பில்லெட்டில் (வெட்ட எடுக்கும் மூலக் கட்டி) பெரும்பகுதி சுருளாகப் போகும் ஜாப்கள் உண்டு, அந்தச் சுருளுக்கும் நல்ல விலை உண்டு. அது உங்களுக்கா, பார்ட்டிக்கா என்பதை முதல் கட் எடுக்கும் முன்னாலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.